மசில் கார் பார்க்கப் போகும்போது பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள்

மசில் கார் என்பது 1960களில் அமெரிக்காவில் சாதாரண வண்டிக்குள் பெரிய எஞ்சினை இறக்கி விற்ற பழைய கார். பழைய சட்டைக்குக் காரணம் எளிது. தரையில் மல்லாக்கப் படுக்க வேண்டியிருக்கும். பானெட்டைத் திறந்து வைத்து ஓனர் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்ததும், வண்டி மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர, அந்த உறுமல் வயிற்றுக்குள் இறங்க, அது அடங்குவதற்குள் செக் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் இங்கே ஏராளம். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டியவன்தான். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த ஒரு காந்தம் காப்பாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்குப் பக்கம். ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகளை எடுத்துக்கொண்டு வந்து மேலும் கீழும் ஓட்டுவார்கள். 1995ல் ஆரம்பித்த ட்ரீம் க்ரூஸ். ரோட்டோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் "இது எந்த வருஷத்து வண்டி?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அரை மணி நேரப் பாடம் இலவசம். கீழே சொல்லப்போவதில் பாதி அப்படிக் கிடைத்ததுதான். முதல் மசில் கார் வாங்கும் ஆசை இருந்தால் ஒரு கோடைக்காலம் முழுக்க வாங்காமல் இப்படிச் சுற்றுங்கள். எந்த வண்டியில் உங்களால் உட்கார முடிகிறது, எந்த வண்டியில் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்பதெல்லாம் படத்தில் தெரியாது.

முதலில் இந்த வண்டிகள் எப்படிப் பிறந்தன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். வரலாற்று ஆர்வத்துக்காகச் சொல்லவில்லை, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்துதான் வருகிறது. 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் நடுத்தர அளவு வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று விதி போட்டிருந்தது. பாண்டியாக் பிரிவில் தலைமை எஞ்சினியராக இருந்த ஜான் டெலோரியனும் அவர் கூட்டாளிகளும் அந்த விதியில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். தனி மாடலாக விட்டால்தான் அனுமதி வேண்டும், ஆப்ஷனாக விட்டால் வேண்டாம். டெம்பெஸ்ட் என்ற சாதாரணக் குடும்ப வண்டிக்குள் பெரிய வண்டிக்கு வைக்கும் 389 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.4 லிட்டர், இறக்கிவிட்டு, கிட்டத்தட்ட 295 டாலருக்கு ஆப்ஷனாகக் கொடுத்தார்கள். அதுதான் 1964 ஜிடிஓ. முதல் வருஷத்திலேயே 32,450 வண்டி விற்றது. அப்புறம் எல்லோரும் வரிசையில் வந்தார்கள், செவர்லே செவெல், ஓல்ட்ஸ்மொபில் 442, டாட்ஜ் சார்ஜர், 1968ல் மூவாயிரம் டாலருக்கும் குறைவான விலையில் பிளிமத் ரோட் ரன்னர். மஸ்டாங்கையும் கமாரோவையும் மசில் கார் என்று சொல்லலாமா, அளவில் சிறியவை என்பதால் போனி கார் என்று சொல்ல வேண்டுமா என்று ஒரு சண்டை உண்டு, நான் அதற்குள் போகவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எஞ்சின் அசாதாரணம், மற்றதெல்லாம் சாதாரணம். இருபது வயதுப் பையன் தவணையில் வாங்கி, நாலைந்து வருஷம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிடுவான் என்ற கணக்கில் செய்த வண்டி. துருப் பிடிக்காமல் இருக்க இன்று செய்வதில் பெரும்பாலானதை அன்று செய்யவில்லை. அதனால்தான் உங்களை இழுப்பது எஞ்சின், உங்கள் பணத்தை இழுப்பது தகரம். எஞ்சினைப் பிரித்து ரீபில்ட் செய்ய ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள், செலவும் ஓரளவு முன்கூட்டியே தெரியும். துருப்பிடித்த உடலை வெட்டி ஒட்டுவது எங்கே முடியும் என்று செய்பவருக்கே தெரியாது.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆசை தொடங்குவதே அங்கேதான். இந்த வி8 எஞ்சின்களில் பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர், அவை சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டை முன்னாலிருந்து பார்த்தால் சிலுவை மாதிரி இருக்கும். எட்டு சிலிண்டரும் சேர்ந்து சீரான இடைவெளியில்தான் வெடிக்கும், ஆனால் ஒரு பக்கத்து நாலு சிலிண்டரை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டு வெடிப்பு அடுத்தடுத்து வரும், பிறகு ஒரு இடைவெளி விழும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி சைலன்சர் குழாய் இருந்தால் அந்தத் தாளக்கேடு அப்படியே வெளியே வரும். அதுதான் அந்தக் குமுறல். கார் பந்தயத்துக்கான கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டிருந்தால், வண்டி நிற்கும்போது நொண்டுகிற மாதிரி இன்னும் தடுமாறும், கேட்பவர்களுக்கு அது சங்கீதம். சரி, இதை ஏன் சொல்கிறேன்? இந்தச் சத்தம் விலை உயர்ந்த பெரிய எஞ்சினுக்கு மட்டும் சொந்தமில்லை. 318 கன அங்குல எஞ்சின் வைத்த சாதாரண டாட்ஜ் சேலஞ்சர், 350 வைத்த கமாரோ, 302 வைத்த மஸ்டாங் எல்லாமே அதே தாளத்தில்தான் குமுறும். முதல் வண்டிக்கு என் சிபாரிசு இவைதான். பெயர் பெற்ற மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் காகிதத்துக்கும் முத்திரைக்கும் கொடுப்பது.

குதிரைத்திறன் எண்களைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 1971 வரை பெரும்பாலும் எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் ஃபில்டர், வண்டியின் சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்து சொன்ன கணக்கு. 1972லிருந்துதான் வண்டியில் இருக்கிற மாதிரியே அளக்க ஆரம்பித்தார்கள், எண்கள் ஒரே நாளில் சரிந்தன. 1970 செவெலில் வந்த எல்எஸ்6 எஞ்சினின் 450 குதிரைத்திறனை இன்றைய 450 உடன் ஒப்பிடக் கூடாது. இன்றைய குடும்பக் கார்கள் சில சிக்னலில் பல மசில் கார்களை விட்டுவிட்டுப் போய்விடும், அதை மனதளவில் ஏற்றுக்கொண்டு வாங்குங்கள்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே போனில் வின் நம்பரை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைக் கேளுங்கள். இன்றைய 17 எழுத்து முறை 1981ல் வந்ததுதான், அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. ஃபோர்டு வண்டியில் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும், 1968 மஸ்டாங்கில் அது ஆர் என்றால் 428 கோப்ரா ஜெட் எஞ்சின். டாட்ஜ், பிளிமத் அடங்கிய கிரைஸ்லர் குடும்பத்திலும் ஐந்தாவது எழுத்துதான், 1970ல் ஆர் என்றால் 426 ஹெமி எஞ்சின். பாண்டியாக்கில் 1966லிருந்து 1971 வரை ஜிடிஓ என்றால் 242 என்று தொடங்கும், 1964லும் 65லும் அப்படிக் கிடையாது. பாண்டியாக்குக்கு பிஹெச்எஸ் (பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) என்ற இடத்தில் அந்த வண்டி கம்பெனியை விட்டு வெளியே போனபோது போட்ட பில்லின் நகல் வாங்கலாம், 1967லிருந்து வந்த ஃபோர்டுகளுக்கு அதே மாதிரி விவரம் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. வண்டி விலையோடு பார்த்தால் சின்னச் செலவுதான். இந்தக் காகிதம் இல்லாமல் ஜிடிஓவுக்கோ கோப்ரா ஜெட்டுக்கோ முழு விலை கொடுக்காதீர்கள்.

தலைவலி செவர்லேயில்தான். அந்தக் கால செவர்லே வின் நம்பரில் எந்த எஞ்சின் என்பது கிடையாது, வி8ஆ ஆறு சிலிண்டரா என்று மட்டும் தெரியும். செவெலின் உயர்ந்த வகையான எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) 1966லிருந்து 68 வரை தனி மாடலாக இருந்ததால் 138 என்று தொடங்கும். 1969லிருந்து எஸ்எஸ் வெறும் ஆப்ஷன். 1970ல் சாதாரண செவெலான மாலிபு கூப்பேக்கும் எஸ்எஸ் கூப்பேக்கும் ஒரே 13637தான். வண்டியைச் செய்தபோது ஃபேக்டரியில் போட்ட விவரத் தாளான ஒரிஜினல் பில்ட் ஷீட்டோ அது மாதிரி வேறு காகிதமோ இல்லையென்றால் எஸ்எஸ் என்று நிரூபிக்க முடியாது. அந்தக் காகிதமும் சீட்டு ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டேங்க் மேலேயோ எலி கடித்துக் கிடந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

என் கதை இங்கேதான் வருகிறது. ஒஹையோவில் ஒரு கிராமத்தில் 1970 செவெல். சிவப்பு, பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டை, கிரில்லில் எஸ்எஸ் முத்திரை. நான் போவதற்கு முன்பே ஓனர் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார், அப்போதே உஷாராகியிருக்க வேண்டும், ஆனால் அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வின் நம்பரைக் காட்டி, பாருங்கள் எஸ்எஸ் என்றார். நானும் தலையாட்டினேன். கூட வந்த நண்பர் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த, தடிமனான துணி சுற்றிய காந்தத்தைப் பையிலிருந்து எடுத்து, கதவில் வைத்தார், ஒட்டியது. முன் ஃபெண்டரில் வைத்தார், ஒட்டியது. பின் சக்கரத்துக்கு மேலே வளைவு ஓரமாக வைத்தார், பொத்தென்று தரையில் விழுந்தது. நாலு தடவை வைத்தும் விழுந்தது. அங்கே தகரமே இல்லை, அத்தனையும் பட்டி. டிக்கியைத் திறந்து பாயைத் தூக்கினால், தரை மேல் புதுத் தகரம் ஒன்றை ரிவெட் அடித்து மூடி, அதன் மேல் தார் மாதிரி கறுப்பாக ஒன்றை அடித்திருந்தார்கள். அப்புறம்தான் நான் படுத்தேன். பின் ஆக்சிலின் மூடியில் போல்ட்டுகளை எண்ணினேன். 1970 எஸ்எஸ்ஸில் பன்னிரண்டு இருக்க வேண்டும். பத்துதான் இருந்தது. ஓனர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவரிடமும் யாராவது இப்படித்தான் விற்றிருப்பார்கள். மாலிபு விலைக்குக் கொடுத்தாலும் அந்த உடம்புக்கு வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

பன்னிரண்டு போல்ட் இருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம், அதையும் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டலாம். முத்திரை, பானெட், வட்ட மீட்டர் டேஷ்போர்டு எல்லாமே கேட்லாக்கில் புதிதாகக் கிடைக்கிறது. சாதாரண வண்டியை உயர்ந்த மாடலாக ஜோடித்திருந்தால் அதற்கு க்ளோன் என்று பெயர். க்ளோன் என்று சொல்லியே விற்றால் அது தப்பே இல்லை, ஓட்டுவதற்கு அருமையான வண்டியாகக்கூட இருக்கும். சொல்லாமல் விற்பதுதான் பிரச்சினை. ஏன் இவ்வளவு பேர் மெனக்கெடுகிறார்கள் என்றால், பிளிமத் பாரகுடாவின் உயர்ந்த மாடலான குடாவில், 1971ல் ஹெமி எஞ்சினோடு வந்த கன்வெர்ட்டபிள் 11தான் என்கிறார்கள், அதில் ஒன்று 2014ல் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த விலைக்கும் சாதாரண பாரகுடா விலைக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் காரணம்.

எஞ்சின் வண்டியோடு பிறந்ததுதானா என்று பார்ப்பதற்கு, நம்பர்ஸ் மேட்சிங் என்பார்கள், செவர்லே வி8ல் பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும். அழுக்கைத் துணியால் துடைத்தால் வின் நம்பரின் கடைசிப் பகுதி தெரிய வேண்டும். எண்களை மட்டும் பார்க்காதீர்கள், அந்த உலோகப் பரப்பையும் பாருங்கள். ஃபேக்டரியில் கடைந்த மெல்லிய கோடுகள் முன்பின்னாக நீளவாக்கில் ஓடும். அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழவென்றோ, எமரி தாள் போட்டுத் தேய்த்த மாதிரி கன்னாபின்னாவென்றோ இருந்தால் யாரோ பழைய நம்பரை அழித்துப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள். பிளாக்கிலேயே வார்த்த தேதியும் இருக்கும், சி 12 9 என்றால் 1969 மார்ச் 12. வண்டி பிப்ரவரியில் செய்தது, எஞ்சின் மார்ச்சில் வார்த்தது என்றால் கணக்கு உதைக்கிறதே!

தகரம் பார்க்கும் இடங்கள். டிக்கித் தரை, பின் கண்ணாடிக்குக் கீழ் ஓரம், வினைல் கூரை இருந்தால் அதன் அடியில் எங்கெல்லாம் குமிழ் விட்டிருக்கிறதோ அங்கெல்லாம், கால் வைக்கும் தரை, கதவின் அடி விளிம்பு. மஸ்டாங் என்றால் இன்னொரு இடம் உண்டு, முன் கண்ணாடிக்கு முன்னால் காற்று போகும் சல்லடை. அதன் வழியாக ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். காலில் சொட்டினால் உள்ளே துரு தின்றுவிட்டது, அதை மாற்ற ஏகப்பட்ட ஸ்பாட் வெல்டைத் துளைத்து எடுக்க வேண்டும். செவெல், ஜிடிஓ இரண்டுக்கும் அடியில் தனி சேஸிஸ் இருக்கிறது, கொஞ்சம் மன்னிக்கும். மஸ்டாங், சார்ஜர், சேலஞ்சரில் உடம்பே சேஸிஸ், அடிச்சட்டம் உளுத்துப்போனால் வண்டியே வளையும். இரண்டு கதவையும் திறந்து மூடி, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

மிச்சிகன், ஒஹையோ மாதிரிக் குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்புக் கொட்டும் மாநிலத்து வண்டிகளில் இந்தச் சோதனையில் தேறுவது குறைவு. அரிசோனா, கலிஃபோர்னியா வண்டி என்றால் தகரம் நன்றாக இருக்கும், வெயிலில் டேஷ்போர்டும் சீட்டும் வெடித்துப்போயிருக்கும். வெடித்த சீட்டு வாங்குங்கள். தூரத்திலிருந்து லாரியில் ஏற்றி வரும் செலவையும் சேர்த்துப் பார்த்தால்கூட அதுதான் லாபம்.

ஓட்டிப் பார்க்கும் நாளில், வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், நான் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. ஆக்சிலரேட்டரை இரண்டு முறை முழுக்க மிதித்து விட்டு, சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். முதலில் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், பெரிய விஷயமில்லை. ஓட ஓட நீலம் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங் வரை போக வேண்டியிருக்கும். இனிப்பு வாசனையோடு வெள்ளைப்புகை அடங்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே எரிகிறது. கறுப்பு வெறும் கார்புரேட்டர் சமாச்சாரம், அதை வைத்துப் பேரம் பேசலாம்.

ரோட்டில் போகும்போது ஸ்டியரிங் கையளவு ஆடும், பயப்படாதீர்கள், ஓரளவு அது அந்தக் கால வழக்கம். பிரேக் அப்படி இல்லை. பல வண்டிகளில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், முதல் தடவை நிற்கும், இரண்டாவது தடவை நிற்கும், மலையிறக்கத்தில் ஐந்தாவது தடவை மிதித்தால் வண்டி யோசிக்கும். 1966 வரைக்குமான பெரும்பாலான வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை, ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரமும் அம்போ. வாங்கியதும் முதலில் இதை மாற்றுங்கள், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், முன்னால் டிஸ்க், அப்புறம் நல்ல ரேடியல் டயர், தோள்பட்டை சீட் பெல்ட். கழற்றியதைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் பெயர் எழுதி வைத்தால் விற்கும்போது காசு. ஹைவேயில் 65 மைல் வேகத்துக்குக் கொண்டுபோய், எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்றும் பார்க்க வேண்டும். பின் ஆக்சிலின் கியர் விகிதம் கார் பந்தயத்துக்குப் போடுகிற 4.10 ஆக இருந்தால் நிமிஷத்துக்கு 3,300 சுற்று, 3.08 என்றால் 2,500. முதலாவதை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் காதில் வண்டு பறக்கும்.

விலை பேசும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பெயிண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். புதுப் பெயிண்ட் என்று பெருமையாகச் சொன்னால், அடிக்கும் முன்பு எடுத்த படங்களைக் கேளுங்கள். உண்மையாக வேலை செய்தவரிடம் நூற்றுக்கணக்கில் படம் இருக்கும், வெட்டிய தகரத்தையே காட்டுவார், காட்டாமல் விடமாட்டார். படமே இல்லையென்றால் காந்தத்தை எடுங்கள். பாதி பிரித்துப் போட்ட வண்டியும் வேண்டாம், எல்லாப் பார்ட்டும் டப்பாவில் இருக்கிறது என்பார்கள், இருக்காது. ஏலமும் முதல் தடவைக்கு வேண்டாம், அங்கே படுக்க நேரமும் இல்லை, ஓட்டிப் பார்க்க வழியும் இல்லை. பார்ட்டைப் பொறுத்தவரை மஸ்டாங்குக்கும் முதல் தலைமுறைக் கமாரோவுக்கும் கிட்டத்தட்ட முழு வண்டியையே புதிதாக வாங்கிப் பூட்டலாம், உடம்புகூடப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். ஏஎம்சி ஜாவலின் மாதிரி அபூர்வமான வண்டி மேல் ஆசை வந்தால் ஒரு கண்ணாடி ஓரப் பட்டைக்கு மாதக்கணக்கில் அலையத் தயாராக இருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. பெட்ரோல் ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றுங்கள், இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரைக் கரைத்து, சூடான எஞ்சின் மேலேயே கசிய விடும். எஞ்சின் ஆயிலில் துத்தநாகச் சேர்மானம் அதிகம் உள்ளதாகப் பார்த்து ஊற்றுங்கள், அந்தக் கால கேம் ஷாஃப்ட்டுக்கு அது வேண்டும். ஒரு காலனுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல்தான் போகும், கம்ப்ரஷன் அதிகமுள்ள எஞ்சினுக்கு பிரீமியம் பெட்ரோல்தான், மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இன்ஷூரன்ஸை வண்டியின் விலையை இருவரும் முன்னரே ஒப்புக்கொண்டு எழுதும் கலெக்டர் பாலிசியாக எடுங்கள்.

முதல் ராத்திரி கராஜில் விடும்போது, எஞ்சினிலிருந்து பின் ஆக்சில் வரை அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் எந்த இடத்தில் என்ன நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு கியர் பாக்ஸ், பச்சை ரேடியேட்டர், கறுப்பு எஞ்சின் ஆயில். இந்த வயது வண்டி கொஞ்சம் சொட்டத்தான் செய்யும். ஒரு சொட்டுகூட இல்லையென்றால் சந்தோஷப்படாமல் முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், உள்ளே ஆயிலே இல்லாமல் இருக்கலாம்.